ஒரு டம்ளர் டீக்காக இதய ஸ்கேனைத் தள்ளிவைப்பார்களா?

ஆமாம், உங்கள் அப்பாவின் ஸ்கேனைத் தள்ளிவைத்தது சரிதான். விடியற்காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அப்பா குடித்த அந்த ஒரு டம்ளர் டீயே போதும்.

"பால் இல்லாத டீதானே, வயிறு காலிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் வயிற்றில் இல்லை, டீயில் இருக்கும் காஃபீனில். அப்பாவுக்கு முழங்கால் வலி, டிரெட்மில்லில் நடக்க முடியாது என்கிறீர்கள். அப்படியானால் நடக்க வைத்து இதயத்துக்கு வேலை கொடுப்பதற்குப் பதில், பெரும்பாலும் அடினோசின் போன்ற மருந்தை ஏற்றி இதய ரத்தக்குழாய்களை விரிய வைப்பார்கள். நல்ல குழாய் நன்றாக விரியும், அடைப்புள்ளது அவ்வளவாக விரியாது. அந்த நேரத்தில் செலுத்தும் கதிரியக்க டெக்னீசியம் மருந்து, ரத்தம் அதிகம் பாயும் தசையில் அதிகம் தங்கும். கேமரா காட்டுவது இந்த வித்தியாசத்தைத்தான். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொண்டால் குழாய் சரியாக விரியாது. அடைப்பு இருந்தும் படம் நார்மலாக வரலாம். இல்லாத நிம்மதியோடு வீடு திரும்புவதைவிட இன்னொரு முறை பஸ் ஏறுவது எவ்வளவோ மேல்.

அடுத்த முறை குறைந்தது 12 மணி நேரம், ஸ்கேன் எடுப்பவர்கள் 24 என்றால் 24, டீ, காபி, கோலா, சாக்லேட் எதுவும் வேண்டாம். அப்புறம் அப்பா போடும் தலைவலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் காஃபீன் உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தவறிக் குடித்துவிட்டால் கிளம்பும் முன்பே ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போன் செய்யுங்கள். டெக்னீசியத்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அன்றைய டோஸை மறுநாளுக்கு வைக்க முடியாது.

பிரஷர், சுகர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே 108 கூப்பிடுங்கள்.