38 செக்கனும் முழுப் பேட்டியும்

அன்பின் அண்ணா,

நாங்கள் உப்புவெளியில ஒரு நடிகரின்ர ரசிகர்கள். வாற கிழமை படம். முதல் காட்சிக்கு 26 பேர் காசு சேர்த்து வைச்சிருக்கிறம். முந்தநாள் எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு 38 செக்கன் வீடியோ ஒண்டு வந்தது. ஒரு யூடியூப் சனலுக்கு அவர் குடுத்த 23 நிமிசப் பேட்டியில வெட்டினது. "இந்தப் படத்துல நான் ஹீரோ இல்ல, என்னை நம்பி வராதீங்க" எண்டு சொல்லுறார். படம் ஊத்திட்டுது எண்டு பாதிப்பேர், எங்களை அவமதிச்சிட்டார் எண்டு மிச்சப்பேர். ஒன்பது பேர் காசைத் திருப்பிக் கேக்கினம். சிங்கள நண்பர்களுக்காக நேற்று அந்த வீடியோவுக்குச் சிங்களத்தில எழுத்துப் போட்டுக் குழுவில விட்டம். எடிற் பண்ணின போனிலயே பாதி எழுத்து பெட்டி பெட்டியா வந்திட்டுது. வாசிச்ச ஒருவர் "உங்கட ஆள் தன்னைக் கோழை எண்டா சொல்லுறார்?" எண்டு கேக்கிறார். ஒரு பேட்டியை எவ்வளவுக்கு நம்பலாம்?

— வாசகர், திருகோணமலை

அன்பின் தம்பி,

நடிகரின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். பெயர் இருந்தால் இதற்குக் கீழே உள்ளதை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

இப்படியான துண்டுகளைப் பெரும்பாலும் சனல்காரர்களே வெட்டுகிறார்கள். கேள்வியை எடுத்துவிட்டுப் பதிலை மட்டும் விட்டால்தான் ஆட்கள் பதறிக்கொண்டு முழுப் பேட்டிக்கு வருவார்கள். வட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். முதலில் வெட்டியவரை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. முழுப் பேட்டிக்குப் போங்கள். யூடியூப்பில் வீடியோவின் விவரப் பகுதியை விரித்தால் பேச்சின் எழுத்து வடிவம் பெரும்பாலும் இருக்கும். கணினியில் என்றால் அதில் 'ஹீரோ' என்று தேடலாம். தானாக எழுதப்பட்ட தமிழ் பிழை பிழையாகக் கேட்டிருக்கும், ஆகவே நேரத்தைக் கண்டுபிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அந்த இடத்துக்கு ஒன்றரை நிமிடம் முன்னாலிருந்து, ஒரு நிமிடம் பின்னால் வரை பாருங்கள். அடுத்த வசனம் "கதைதான் ஹீரோ" என்று இருக்கும் என நான் பந்தயம் கட்டுவேன். தமிழ் சினிமாவில் அதைச் சொல்லாத நடிகர் குறைவு.

முழுப் பேட்டியும் வெட்டி ஒட்டியதுதான். நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போது காட்சி பேட்டி எடுப்பவரின் தலையாட்டலுக்குப் போனால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குரல் தொடரும், ஆனால் அந்தத் தலையாட்டலுக்குக் கீழே அரை வசனத்தை எடுத்திருக்கலாம். மூச்சு பாதியில் அறுந்தாலோ, பின்னணி ஏசி இரைச்சல் திடீரென்று மாறினாலோ அங்கே வெட்டு இருக்கிறது. மேசையில் உள்ள தண்ணீர்க் கிளாஸையும் பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் பாதியாக இருந்த தண்ணீர் பதினைந்தாவது நிமிடத்தில் நிரம்பியிருந்தால், ஒன்றில் யாரோ ஊற்றியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கேள்விகளின் ஒழுங்கை மாற்றியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. படம் வருவதற்கு முன் கொடுக்கும் பேட்டிகளைப் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே அறையில், சனலுக்குச் சனல் பதினைந்து இருபது நிமிடமாக எடுத்து முடிப்பார்கள். சட்டையும் பின்னால் உள்ள போஸ்டரும் ஒன்றாக இருந்தால் அது அந்த ஒரு நாள்தான். அப்படி நாலைந்தை எடுத்து ஒரே கேள்விக்கு வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாவற்றிலும் சொல் மாறாமல் வருவது முன்கூட்டியே பேசி வைத்த விளம்பர வசனம். அதற்காகப் பொய் என்றில்லை, அதற்காக ஒருவரும் கோபிக்கத் தேவையுமில்லை. ஒரு சனலில் மட்டும் வந்த பதில்தான் கேள்வி கேட்டவர் பிடுங்கி எடுத்தது, அல்லது ஆறாவது பேட்டியின் களைப்பில் வாய் தவறியது. "ஹீரோ இல்ல" இதில் எந்த வகை என்று பார்த்த பிறகு சண்டை பிடியுங்கள். கதையின் திருப்பம், கௌரவத் தோற்றம், அடுத்த பாகம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும் "இல்லை"யை நம்பவே வேண்டாம். அவற்றை வெளியிட அவர்களுக்கு அனுமதி இருக்காது.

முழுவதையும் பார்த்தால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்றும் சொல்லமாட்டேன். 2025 மே 24 இல் சென்னையில் 'தக் லைஃப்' இசை வெளியீட்டு விழாவில் கமல்ஹாசன், கன்னட நடிகர் சிவராஜ்குமாரைப் பார்த்து, உங்கள் மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று பேசினார். முன்பின் சேர்த்துப் பார்த்தால் உறவு கொண்டாடிச் சொன்னது விளங்கும். ஆனால் சொன்னது சொன்னதுதான், கன்னடர்களுக்கு வந்த கோபம் வெட்டிய வீடியோவால் மட்டும் வந்ததல்ல. ஜூன் 5 இல் படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. படத்துக்காகப் பேட்டி கொடுக்கும் பழக்கமில்லாத அஜித்தும் தப்பவில்லை. 2021 டிசம்பர் 1 இல் தன்னைத் 'தல' என்று அழைக்கவேண்டாம் எனச் சின்ன அறிக்கை விட்டார், அதையும் ரசிகர்கள் பிரித்து மேய்ந்தார்கள்.

சிங்கள எழுத்துக்கு வருவோம். பெட்டி தெரிந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் சிங்களம் இல்லை. எடிற் செய்யும் செயலியில் 'நோட்டோ சான்ஸ் சிங்களா' போன்ற யுனிகோட் எழுத்துருவை எடுங்கள். கேள்விக்குறிகளாக வந்தால், வசனங்களைத் தட்டச்சு செய்த எழுத்துக் கோப்பை நோட்பாடில் 'யூடிஎஃப்-8' என்ற யுனிகோட் வடிவில் சேமிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அதை மீட்க முடியாது, திரும்பத் தட்டச்சு செய்யவேண்டும். ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பழைய 'எஃப்எம் அபயா' எழுத்துருவில் அடித்தது, நம் பாமினி மாதிரி. யுனிகோடுக்கு மாற்றினால் போதும். வட்ஸ்அப்பில் தனி எழுத்துக் கோப்பு வீடியோவோடு ஒட்டிப் போகாது, ஆகவே எழுத்தை வீடியோவிலேயே பதித்துத்தான் அனுப்பவேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு செக்கனுக்குக் குறைவாக நின்றால் வாசிக்க முடியாது, ஏழுக்கு மேல் நின்றால் திரும்ப வாசிப்பார்கள்.

ஆனால் உங்கள் பெரிய பிழை எழுத்துருவில் இல்லை. 'ஹீரோ'வை 'வீரயா' என்று போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் "நான் வீரன் இல்லை" என்றும் வாசிக்கலாம், கோழைக் கேள்வி அங்கிருந்துதான் வந்தது. 'பிரதான நளுவா' என்று போடுங்கள், முதன்மை நடிகர் என்ற பொருள் வரும். முந்தைய கேள்வியையும் சேர்த்து வெட்டுங்கள், ஒரு நிமிடத்தைத் தாண்டினாலும் பரவாயில்லை.

காசு கேட்ட ஒன்பது பேருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஆனால் தியேட்டருக்குக் கட்டுவதற்கு முதல்நாள் வரைதான் என்று குழுவில் இன்றைக்கே எழுதிவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால், தன் இடத்துக்கு ஆள் பிடித்துத் தருவது அவர் பொறுப்பு. நேற்றுப் போட்ட சிங்கள வீடியோவை வட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். புதியதைப் போட முன்னம் அதை அழியுங்கள்.