சபாத் அன்னைக்கு சுவிட்ச் போட்டா கூட தப்பா?

சபாத்னா வெள்ளி சூரியன் மறையிறதுல இருந்து சனி ராத்திரி நட்சத்திரம் தெரியுற வரைக்கும் யூதர்களோட ஓய்வு நாள். இங்க வேலைன்னா உடம்பு நோகுறது இல்ல, புதுசா ஒண்ண உருவாக்குறது, மாத்துறது, அதனால கனமான டேபிளை வீட்டுக்குள்ளயே தூக்கிட்டு போலாம், ஆனா ஒரு தீக்குச்சி உரசக்கூடாது. ஓவியர் ஒரு நாள் பிரஷ்ஷ கீழ வச்சுட்டு வரைஞ்சத சும்மா பாக்குற மாதிரின்னு வச்சுக்கங்க. மிஷ்னாங்குற பழைய யூத சட்டத் தொகுப்புல செய்யக்கூடாத 39 வகை வேலை இருக்கு, விதைக்கிறது, நெய்யுறது, ரெண்டு எழுத்து எழுதுறது கூட! பல்ப் இழை பழுத்து எரியுறது நெருப்பு கணக்கு, அதான் சுவிட்சும் கூடாதுங்குறாங்க ஆர்த்தடாக்ஸ் ஆளுங்க, அதாவது மரபுச் சட்டத்த கறாரா கடைப்பிடிக்கிற யூதர்கள், லிஃப்ட்டும் பட்டன் அமுக்காம மாடிக்கு மாடி தானா நிக்குற மாதிரி செட் பண்ணிருப்பாங்க. உயிர் போனாலும் சபாத்தை மீறக்கூடாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, தப்பு, உயிருக்கு ஆபத்துன்னா மீறித்தான் ஆகணும்னு அதே சட்டம் சொல்லுது.