லினக்ஸ் இருக்க இன்னொரு கர்னல் எதற்கு?

கேள்வி: எல்லோரும் லினக்ஸில்தான் வேலை செய்கிறோம். ஹர்ட், ஃபிரீபிஎஸ்டி என்று வேறு கர்னல்களுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) உழைப்பது வீண் இல்லையா?
– பாலிடெக்னிக் மாணவி, பாலக்கோடு

பதில்: வீணே இல்லை. உங்கள் சி நிரலிலேயே சோதித்துப் பாருங்கள். கோப்பின் பாதையை வைக்க ‘பாத்_மேக்ஸ்’ (PATH_MAX) அளவுக்கு ஓர் அணி அறிவித்திருப்பீர்கள். லினக்ஸில் அதன் மதிப்பு 4096, கம்பைல் ஆகிவிடும். ஹர்டில் பாதையின் நீளத்துக்கு வரம்பு கிடையாது. அதனால் அந்தப் பெயரே அங்கு இல்லை. கம்பைலர் அந்த வரியிலேயே நின்றுவிடும். வரம்பு வைக்காத கர்னல் அந்தப் பெயரை விட்டுவிடலாம் என்பதுதான் பாசிக்ஸ் தரம் (யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதி). ஆகவே பிழை நம் நிரலில்தான். முழுப் பாதையைத் தரும் ‘ரியல்பாத்’ (realpath) ஃபங்ஷனுக்கு இரண்டாவதாக ‘நல்’ (NULL) கொடுங்கள், வேண்டிய இடத்தை அதுவே ஒதுக்கிக்கொள்ளும். முடிந்ததும் ‘ஃப்ரீ’ செய்துவிடுங்கள். லினக்ஸில் மட்டும் ஓட்டியிருந்தால் இந்தத் தவறு கண்ணிலேயே பட்டிருக்காது.

ஹர்ட் 1990-ல், லினக்ஸுக்கு ஓராண்டு முன்பே தொடங்கியது. அதில் கோப்பு முறைமைகள் கர்னலுக்கு வெளியே தனித்தனி சர்வர்களாக ஓடுகின்றன. ரூட் கடவுச்சொல் இல்லாமலே ஓர் ஐஎஸ்ஓ கோப்பை (சிடி, டிவிடியின் நகல்) ‘செட்ட்ரான்ஸ்’ (settrans) கட்டளையால் உங்கள் கோப்புறையில் திறந்துவிடலாம். அந்த சர்வர் விழுந்தாலும் கர்னல் அசையாது.

லேப்டாப்பில் நேரடியாக நிறுவ வேண்டாம், டிரைவர்கள் குறைவு. டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் தரும் ஹர்ட் வட்டுப் படத்தை (வட்டின் நகல் கோப்பு) கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் 1 ஜிபி நினைவகம் கொடுத்து ஓட்டுங்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்காவிட்டால் ஆமையாய் நகரும்.

டெபியன் 2011-ல் ஃபிரீபிஎஸ்டி கர்னலோடும் ஒரு முன்னோட்டப் பதிப்பு தந்தது. உழைக்க ஆள் குறைந்து, 2023-ல் அது நின்றே போனது. பெரிய இழப்பு அது.

கேள்வி: மாங்கூழ் ஆலையின் கணக்கு சர்வரில் லினக்ஸும் இசட்எஃப்எஸ் (ZFS) கோப்பு முறைமையும் வைத்திருக்கிறோம். கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வட்டுகள் ஏறவில்லை. சீசனில் இது பெரிய தொல்லை.
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உரிமம் பொருந்தாததால் இசட்எஃப்எஸ் லினக்ஸ் கர்னலுக்குள் சேரவில்லை, வெளி மாட்யூலாக (கர்னலோடு இணையும் தனித் துண்டு) ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். இசட்எஃப்எஸ் இன்னும் ஆதரிக்காத புதிய கர்னல் முந்திக்கொண்டால் மாட்யூல் கம்பைல் ஆகாது. இப்போதைக்கு பூட் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், வட்டுகள் ஏறிவிடும். ஜூலை முடியும்வரை கர்னலைப் புதுப்பிக்காதீர்கள்.

ஃபிரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் கூடவே வருகிறது. மாறுவதானால், நிறுவும்போது ‘ஆட்டோ இசட்எஃப்எஸ்’ தேர்ந்து இரண்டு வட்டுகளை மிரராக (ஒன்றின் நகலாக மற்றொன்று) வையுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் ‘பிஇசிடிஎல்’ (bectl) மூலம் ஒரு பூட் சூழலை (இயங்குதளத்தின் அப்போதைய நிலையின் நகல்) உருவாக்குங்கள். கெட்டுப்போனால் பூட் மெனுவில் பழையதற்குத் திரும்பலாம். வட்டுகளின் இசட்எஃப்எஸ் வடிவத்தைப் புதுப்பிக்கும் ‘இசட்பூல் அப்கிரேட்’ (zpool upgrade) மட்டும் உடனே வேண்டாம். கொடுத்துவிட்டால் பழைய சூழலுக்கு அந்த வட்டுகளைப் படிக்கத் தெரியாமல் போகலாம். கரண்ட் போனாலும் கோப்பு முறைமை சிதையாது. ஆனால் கடைசிச் சில விநாடிப் பதிவுகள் போகலாம் என்பதால் யுபிஎஸ் கட்டாயம்.

கேள்வி: ஃபிரீபிஎஸ்டி 14 போட்ட லேப்டாப்பில் வைஃபை இல்லை.
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தை கேபிள் வழியே பகிர்வது) போடுங்கள். ‘இஃப்_யுஆர்என்டிஐஎஸ்’ (if_urndis) மாட்யூலை ஏற்றினால் ‘யுஇ0’ (ue0) என்ற நெட்வொர்க் இணைப்பு தோன்றும். அதன்மேல் ‘டிஎச்கிளையன்ட்’ (dhclient) ஓட்டினால் இணையம் வரும். பிறகு ‘எஃப்டபிள்யூகெட்’ (fwget) கொடுங்கள், உங்கள் வைஃபை சிப்புக்கு ஃபர்ம்வேர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இருந்தால் அதுவே தேடி நிறுவிவிடும்.