வெளிக் கூலர் உங்கட கார்டுக்குப் பொருந்துமா? கேள்வி பதில்

கச்சான் எண்ட சூட்டுக் காத்து வீசத் தொடங்கினா இந்தக் கேள்விகளும் தொடங்கிடும். கிராபிக்ஸ் கார்டுக்கு வேற கூலர் வாங்கி மாட்டலாமா எண்டு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில இருந்து கேட்டவங்களுக்கு என்ட பதில்கள் இவை. எல்லாருக்கும் பொதுவா ஒண்டு: பழைய கூலரைக் கழற்றி, வெறும் போர்டைக் கண்ணால பார்க்காம காசு குடுக்காதீங்க.

காத்தான்குடி: அண்ணன், என்ட ஆர்எக்ஸ் 580 கேம் விளையாடக்குள்ள 86 டிகிரிக்குப் போகுது, ரெண்டு ஃபேனும் கத்துது. பாவிச்ச ஆர்க்டிக் அக்செலரோ கூலர் ஒண்டு மலிவா வருது. பெட்டியில 480 எண்டுதான் போட்டிருக்கு. சரிவருமா?

தம்பி, 2016இல வந்த 480உம் 2017இல வந்த 580உம் கிட்டத்தட்ட ஒரே சிப். சிப்பைச் சுத்தி இருக்கிற நாலு ஓட்டைக்கும் இடையில ஏறக்குறைய 53 மி.மீ. அதனால ஸ்குரூ பிடிக்கும். ஜிடிஎக்ஸ் 1070, 1080 எண்டா 58 மி.மீ. கிட்ட வரும், அதுக்கு வேற துளை வரிசை வேணும்.

ஸ்குரூ பிடிச்சாப்போல கூலர் பொருந்தினதா ஆகாது. பெட்டியில இருக்கிற பட்டியல், சிப்பை வடிவமைக்கிற ஏஎம்டி, என்விடியா வெளியிட்ட மூலப் போர்டை வெச்சுப் போட்டது. உங்கட கார்டைச் செய்த கொம்பனி கப்பாசிட்டர், கொயில் எண்ட உயரமான மின் பாகங்களைத் தன்ட வசதிக்கு இடம் மாத்தி வெச்சிருக்கும். சிப்புக்குப் பக்கத்தில உயரமா ஒரு கப்பாசிட்டர் நிண்டாக் காணும், கூலரின்ட செப்புக் குழாய் அதில முட்டி, அடித்தட்டு சிப்பில படியாது. படிஞ்ச மாதிரித்தான் தெரியும், கார்டைப் போட்டதும் சூடு உச்சிக்கு ஏறும்.

அளக்கிற முறையைச் சொல்றன். ஓட்டையின்ட நடுவைக் கண்ணால பிடிக்கிறது கஷ்டம். ஒரு ஓட்டையின்ட இடது விளிம்பில இருந்து மற்ற ஓட்டையின்ட இடது விளிம்பு வரைக்கும் அளங்க, நடுவில இருந்து நடுவுக்கு வாற தூரமும் அதுதான். அடிமட்டம் காணும், வேணியர் இடுக்கிமானி இருந்தா இன்னும் நல்லம். நெடுக்கையும் குறுக்கையும் ரெண்டையும் பாருங்க. வாங்க முதல் கடைக்காரரிட்ட காட்டோணும் எண்டா, போர்டின்ட பின்பக்கம் வெள்ளைத் தாளை வெச்சு, ஓட்டை இருக்கிற இடத்தில விரலால மெதுவா அழுத்துங்க. நாலு தடமும் விழும். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கூலரில வெச்சுப் பார்க்கலாம்.

உயரத்துக்கு: சின்னப் பிள்ளையள் விளையாடுற களியை உருண்டையா உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில சுத்தி, உயரமான பாகங்கள்ற தலையில வையுங்க. பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் இடையில பூசுற, சூடு கடத்துற களிம்பு) போடாம கூலரை மெதுவா இறக்கி எடுங்க. களி எந்த இடத்தில தாள் மாதிரி நசுங்கியிருக்கோ அந்த இடம்தான் முட்டுது.

இவ்வளவும் செய்யிறதுக்கு முந்தி ஒண்டு. பழைய பேஸ்டைத் துடைச்சுப் புதுசு போட்டு, ஹீட்சிங்கில (சூட்டை வெளிய விடுற உலோகத் தகடுகள்) அடைஞ்ச தூசைத் தட்டிப் பாருங்க. இந்தக் கார்ட் 185 வொட் தின்னும், காய்ஞ்ச பேஸ்டோட எந்தக் கூலரும் தாக்குப்பிடிக்காது. பாதிப் பேருக்கு மறுகா கூலர் தேவைப்படாது.

கல்முனை: மெமரி சிப்புக்குச் சின்னச் சின்ன ஹீட்சிங்க் ஒட்டச் சொல்றாங்க. கட்டாயமா?

கட்டாயம். உங்கட பழைய கூலரில மெமரியையும் பவர் பகுதியையும் தொடுற மாதிரி பேட் (சூடு கடத்துற மெத்தையான துண்டு) வெச்சிருப்பாங்க. புதுக் கூலர் பெரும்பாலும் நடுச் சிப்பை மட்டும்தான் தொடும். 6 ஜிபி 1060 எண்டா 6 மெமரி சிப், 8 ஜிபி 580 எண்டா 8, எண்ணிப் பாருங்க. அதை விட முக்கியம் பவர் பகுதியில வரிசையா இருக்கிற சின்னக் கறுப்புச் சிப்புகள், மொஸ்ஃபெட். பக்கத்தில சாம்பல் நிறத்தில கட்டி கட்டியா நிக்கிறது கொயில், அதுக்கு ஒண்டும் ஒட்டத் தேவையில்லை. நிறையப் பேர் பெரிசா இருக்கு எண்டு கொயிலில ஒட்டிட்டு மொஸ்ஃபெட்டை விட்டுடுறாங்க.

ஒட்டுறதிலயும் கவனம். டவர் கேசிங்கில கார்ட் முகம் கீழ பார்த்துத்தான் தொங்கும். நம்மட சூட்டுக்கு மலிவான டேப் இளகி, ஹீட்சிங்க் கழண்டு விழுந்தா மதர்போர்டில ஷோர்ட். ஒட்ட முதல் சிப்பை ஐசோபுரோப்பைல் அற்ககோலால துடையுங்க, விரலால தொடாதீங்க, ஒட்டினாப் பிறகு கார்டைக் கவிழ்த்து ஒரு இரவு வெச்சுப் பாருங்க. தேர்மல் பசை உறுதி, ஆனா திரும்பக் கழற்றக்குள்ள சிப்பையும் பிடுங்கிக்கொண்டு வரலாம்.

வாழைச்சேனை: என்ட கேசிங் சின்னது. எத்தனை ஸ்லொட் இடம் வேணும்?

ஒரு ஸ்லொட், அதாவது கேசிங்கில ஒரு கார்டுக்கு விட்டிருக்கிற இடம், 20.32 மி.மீ. கூலரின்ட தடிப்பை அதால பிரிங்க. மூண்டு ஸ்லொட் வந்தா கீழ இருக்கிற வைஃபை கார்டைக் கழற்றத்தான் வேணும். ஃபேனுக்கும் கேசிங்கின்ட அடிக்கும் இடையில ஒள்ளுப்பம் இடைவெளி விடுங்க, காத்து இழுக்க வழியில்லாட்டி மூண்டு ஃபேன் இருந்தும் பிரயோசனமில்லை. நீளத்தை மட்டும் பார்க்காம, கார்டுக்கு மேலால கூலர் எவ்வளவு நீட்டுது எண்டும் பாருங்க. பக்கக் கதவு மூடாது.

அக்கரைப்பற்று: நானா, கூலர் ஃபேனின்ட பிளக் கார்டில ஏறுதில்லை.

கார்டில இருக்கிறது சின்ன நாலு பின், சாதாரண ஃபேனில இருக்கிறது பெரிசு. மாத்துற வயர் கிடைக்கும். இல்லாட்டி மதர்போர்டில செருகி, ஃபேன் கன்ட்ரோல் எண்ட மென்பொருளில கார்டின்ட சூட்டைப் பார்த்து ஓட வையுங்க. கார்டின்ட பிளக்கில ஃபேன் செருகாட்டியும் பெரும்பாலான கார்ட் வேலை செய்யும். வயரை வெட்டி மூணு ஃபேனையும் கார்டின்ட ஒரே பிளக்கில முறுக்கிப் பூட்டுற வேலை வேணாம்.

வந்தாறுமூலை: அண்ணா, கம்பஸ் புரொஜெக்டுக்கு பிளெண்டர் ரெண்டர் போடுறன். ஜிடிஎக்ஸ் 1650. கூலர் மாத்தட்டா?

வேணாம் தங்கச்சி. அது 75 வொட் கார்ட். பேஸ்ட் மாத்தி, கேசிங்கின்ட முன்பக்கம் ஒரு 120 மி.மீ. ஃபேன் போடுங்க.

சம்மாந்துறை: ஆர்டிஎக்ஸ் 3060, வாங்கி நாலு மாசம். கூலர் மாத்தலாமா?

வாரண்டி முடியும் வரைக்கும் தொடாதீங்க. ஸ்குரூவில ஸ்டிக்கர் இருந்தா அதைக் கிழிச்சாலே சில கடைகள் கையை விரிச்சிடும். பிறகு வேணும் எண்டா, மேல் மூடியையும் ஃபேனையும் மட்டும் கழற்றிட்டு, அதே ஹீட்சிங்கில ரெண்டு 120 மி.மீ. ஃபேனைக் கேபிள் டையால கட்டலாம். பார்க்க வடிவில்லை. ஆனா பொருந்துமா எண்ட கேள்வியே அதில இல்லை, மெமரி பேட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கும்.

கல்லடி: பூட்டி முடிச்சிட்டன், 72 டிகிரி. ஆனா ஹொட்ஸ்பொட் (சிப்பில ஆகச் சூடான இடம்) 104 காட்டுது. கூலர் பிழையா?

அடித்தட்டு சாய்ஞ்சு உக்கார்ந்திருக்கு. ரெண்டுக்கும் இடையில 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம், 32 எண்டது அளவுக்கு மிஞ்சினது. கழற்றி பேஸ்ட் விழுந்திருக்கிற தடத்தைப் பாருங்க: ஒரு மூலையில தடிப்பா, எதிர் மூலையில மெல்லிசா இருக்கும். மறுகா பூட்டக்குள்ள ஒரு ஸ்குரூவை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. மூலைக்கு மூலை மாத்தி, அரைச் சுத்து அரைச் சுத்தா இறுக்குங்க. கிராபிக்ஸ் சிப்புக்கு மேல உலோக மூடி இல்லை, பலம் போட்டா ஓரம் உடையும். கடல் காத்தில ஸ்குரூ துருப்பிடிச்சிருந்தா அதையும் மாத்திடுங்க, துருவோட சரியா இறுகாது.

கல்லடி, அதே ஆள்: பேஸ்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போட்டா இன்னும் குறையுமா?

உங்கட கூலரின்ட அடி அலுமினியம் எண்டா அதை அரிச்சிடும், சிந்தினா ஷோர்ட். சாதாரணப் பேஸ்டே போடுங்க.