முதல் ராலிக் கார்: பொடி (காரின் உடற்கூடு) நல்லதென்றால் மிச்சத்தைச் செய்யலாம்

கேள்வி: கிரவல் ரோட்டில் ராலி ஓடவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையில் 40 இலட்சம் இருக்கிறது. மச்சானின் ஹொண்டா சிவிக் ஈகே3 விலைக்கு நிற்கிறது. நிசான் மார்ச் கே11 ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? (வாசகர், சுன்னாகம்)

பதில்: மார்ச்சை வாங்குங்கள், மனுவல் கியர் என்றால் மட்டும். காருக்கு 20 இலட்சத்துக்கு மேல் போடவேண்டாம். மற்றப் பாதி பாதுகாப்புக்கும் உதிரிப்பாகத்துக்கும் வேண்டும்.

சிவிக்கின் 1500 சிசி எஞ்சின் பலமானதுதான். ஆனால் முன்னும் பின்னும் டபிள் விஷ்போன் (சில்லை மேலும் கீழும் இரண்டு ஆம் பிடிக்கும் அமைப்பு) என்பதால் ஆம்களும் புஷ்களும் அதிகம். பின் ரெயிலிங் ஆம் புஷ் தார் ரோட்டிலேயே கிழிகிற சாமான். இங்கே ஓடும் ஈகே3களில் சிவிரி (பெல்ற்றால் இயங்கும் ஒட்டோ) கியர் கொண்டவையும் உண்டு. சில்லு துள்ளி எழும்பித் திரும்ப நிலத்தைப் பிடிக்கும்போது வரும் உதறல் முழுதும் சிவிரியின் பெல்ற்றில்தான் விழும். மச்சானின் கார் அந்த வகை என்றால் பேச்சே வேண்டாம்.

கே11 ஏறத்தாழ 800 கிலோதான். எஞ்சின் 997 சிசி, ரைமிங் பெல்ற்றுக்குப் பதில் செயின். முன்னால் சாதாரண ஸ்ட்ரட், எந்தக் கராஜிலும் கழற்றிப் பூட்டலாம். பாகங்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். பிரித்தானியாவில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ராலி பழகுவதும் 1000 சிசி கார்களில்தான். பலம் குறைந்த காரில் வேகத்தை விடாமல் வளைவை எடுக்கப் பழகியவருக்குப் பிறகு எந்தக் காரும் கைவரும்.

இனி, வாங்கப் போகும் காரைப் பார்க்கும் விதம். கடற்காற்று அடிக்கும் ஊர் இது. வேலணை, காரைநகர்ப் பக்கம் நின்ற கார் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கதவுக்குக் கீழுள்ள சில், தரைவிரிப்பின் அடி, முன் ஸ்ட்ரட்டின் தலை பூட்டும் இடம், பின் சில்லுக்கு மேலுள்ள வளைவு ஆகிய நான்கையும் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே கட்டலோய் (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கும். பிறகு முன்மூலை ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் பொடி சோர்ந்துவிட்டது. அந்தக் காரை விட்டுவிடுங்கள், எஞ்சின் எவ்வளவு திறமாய் இருந்தாலும். எஞ்சின் இன்னொன்று வாங்கலாம். கார் உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டைப் பூட்டும் தகடு உக்கினால் கூண்டு பூட்டியும் பயனில்லை.

ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. வருடக்கணக்காக அதையே ஊற்றியிருந்தால் குழாய்களில் வெள்ளைப் படிவு கட்டியிருக்கும். சந்தைக்குப் போய்வரும்போது தெரியாது. இரண்டாம் கியரில் பத்து நிமிடம் முறுக்கி ஓடினால் சூடேறி ஹெட் காஸ்கெற் போகும். புது ரேடியேட்டரும் கூலன்ற்றும் போடுங்கள். கொம்பிரஷன் சோதனையில் நாலு சிலிண்டருக்கும் இடையே 10 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பாதுகாப்புப் பணம் முதலில் போகவேண்டிய இடம் கூண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எப்ஐஏயின் விதிப்படி குளிர்முறையில் இழுத்த, மூட்டில்லாத உருக்குக் குழாய்தான் வேண்டும். பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50க்கு 2. மற்றவற்றுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. ஒவ்வொரு காலுக்கும் கீழே 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர ச.மீ. பரப்பும் உள்ள தகட்டைப் பொடியில் வெல்டிங் செய்து ஒட்டி, குறைந்தது மூன்று எம்8 போல்ற் போடவேண்டும். கேற் செய்யும் ஜீஐ பைப்பில் கூண்டு செய்து தருகிறோம் என்பவர்களிடம் தயவுசெய்து போகவேண்டாம். உருளும்போது அது மூட்டில் பிளந்து உங்கள் பக்கம் திரும்பும். பந்தயச் சீற்றிலும் சீற் பெல்ற்றிலும் காலாவதி ஆண்டு இருக்கும். பழையதை மலிவென்று வாங்கினால் போட்டிக்கு முன்னான பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள். ஹெல்மெற்றும் கழுத்துக் காப்பும் உங்களுக்கும் பக்கத்தில் குறிப்பு வாசிப்பவருக்கும் தனித்தனியே வேண்டும்.

எஞ்சினுக்குக் கீழே 5 அல்லது 6 மி.மீ. அலுமினியத் தகடு, ஒயில் சம்பிலிருந்து விரலளவு இடைவெளி விட்டு. முட்டிக்கொண்டு நின்றால் கல்லடி நேரே சம்புக்குப் போகும். பிரேக், பெற்றோல் குழாய்களைக் காருக்குள்ளால் எடுங்கள். இரும்பு ரிம்மே நல்லது. வளைந்தால் தட்டி எடுக்கலாம், அலோய் வெடித்துவிடும். காரை மிகவும் உயர்த்தவேண்டாம், ட்ரைவ் ஷாஃப்ற்றின் கோணம் கூடி அதன் முனையிலுள்ள சீவி ஜொயின்ற் தேயும். முதல் வருடம் எஞ்சினில் ஒரு சதமும் போடவேண்டாம்.

உதிரியாக இடமும் வலமும் ட்ரைவ் ஷாஃப்ற், கீழ் ஆம் ஒவ்வொன்று, ரை ரொட் முனை 2, எஞ்சின் மவுன்ற் 1, கிளச் கேபிள், ரயர் பூட்டிய ரிம் 2 எடுத்து வையுங்கள்.

சாதாரணக் காப்புறுதியில் பந்தயச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. கூண்டு போட்ட காரை ரோட்டில் ஓட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேளுங்கள். லொறியில் ஏற்றிப் போவது இன்னும் நல்லது. காசு கொடுக்க முன்னர் அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா சுப்பர்குரொஸ் பந்தயம் நடக்கும் நாளில் ஒருதரம் போங்கள். எங்களுக்குக் கிட்டிய கிரவல் தடங்களில் அதுவும் ஒன்று. ஓட்டம் முடிந்து வரும் சிறிய கார்களுக்குக் கீழே குனிந்து, எது வளைந்திருக்கிறது, எதை மாற்றுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.