லேசர் படகின் மாஸ்ட், பூம்: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

லேசர் வகைப் பாய்ப்படகு (இப்போதைய பெயர் ஐஎல்சிஏ) ஓட்டுகிறவர்கள் மாஸ்ட் (பாய்மரம்), பூம் (பாயின் அடியைத் தாங்கும் கிடைக்குழாய்), அவற்றின் பொருத்திகள் பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: பழைய படகு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, சார். புதுக் கப்பி செட் வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். சரிதானே?

கப்பி காத்திருக்கட்டும். முதலில் ரிவெட்டுகளைப் பாருங்கள். மாஸ்டில் கூஸ்நெக் (பூமை மாஸ்டோடு இணைக்கும் பொருத்தி), பூமில் மெயின்ஷீட் (பாயை இழுத்துக் கட்டுப்படுத்தும் கயிறு) கப்பிகள் தொங்கும் பட்டைகள், வாங் (பூமைக் கீழே இழுக்கும் கயிற்று அமைப்பு) பொருத்தி ஆகிய மூன்று இடங்களையும் கையால் பிடித்து அழுத்தி ஆட்டுங்கள். மயிரிழை அசைந்தாலும் அந்த ரிவெட் போய்விட்டது என்று அர்த்தம். சுற்றிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது. ஆடுகிற பட்டையில் விலை உயர்ந்த கப்பியை மாட்டினால், பட்டை பிய்யும்போது அதுவும் சேர்ந்து போகும்.

கேள்வி: ரிவெட் அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா, மோனலா? பழையதை எப்படிக் கழற்றுவது?

சுமை வாங்கும் இடம் எல்லாவற்றுக்கும் 4.8 மிமீ மோனல். அலுமினிய ரிவெட் குழாயை அரிக்காது. ஆனால் பக்கவாட்டு இழுப்பில் அறுந்துவிடும். ஸ்டெயின்லெஸ் பலமானது, ஆனால் உப்புநீர் பட்டால் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தைத் தின்றுவிடும். மோனல் நிக்கலும் செம்பும் கலந்தது என்பதால் அதுவும் அரிக்கத்தான் செய்யும். ஆகவே எதைப் போட்டாலும் பொருத்திக்கு அடியிலும் துளைக்குள்ளும் டூராலாக் அல்லது டெஃப்-ஜெல் என்னும் அரிப்புத் தடுப்புப் பசை தடவாமல் போடாதீர்கள். பலரும் சோம்பல்பட்டு விட்டுவிடும் வேலை இதுதான்.

கழற்றும்போது, ரிவெட் தலையின் நடுவில் எஞ்சியிருக்கும் ஊசித் துண்டை முதலில் சிறு பஞ்ச் வைத்து உள்ளே தட்டி விடுங்கள். அது எஃகாக இருந்தால் டிரில் முனை அதன்மேல் வழுக்கி அலுமினியத்துக்குள் இறங்கும், துளை கோணிப்போகும். பிறகு 4.8 மிமீ டிரில்லால் தலை கழன்று வரும்வரை மட்டும் துளைத்து, மிச்சத்தை உள்ளே தட்டுங்கள். பூம் மூடியைக் கழற்றி எல்லாத் துண்டுகளையும் வெளியே கொட்டுங்கள். உள்ளே கிடந்தால் சத்தம் போடுவதோடு, துருப்பிடித்துக் குழாயையும் கெடுக்கும்.

புது ரிவெட்டின் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பொருத்தியின் தடிமனையும் குழாய்ச் சுவரின் தடிமனையும் காலிப்பரில் அளந்து கூட்டுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் பிடிப்பு அளவுக்குள் அது வர வேண்டும். குட்டையானால் பின்பக்கம் சரியாக மலராது. மோனலுக்குச் சிறிய கைக்கருவி போதாது. இரு கையாலும் அழுத்தும் நீளப்பிடிக் கருவி வேண்டும்.

கேள்வி: அண்ணா, இரு துண்டு மாஸ்டின் மேல் துண்டு, அது கீழ்த் துண்டின்மேல் உட்காரும் வளையமான காலரின் ரிவெட் இருக்கிற இடத்திலேயே ஒடிந்துவிட்டது. ஏன் அங்கே?

அங்கேதான் ஒடியும், தம்பி. பாய் இழுக்கும்போது மாஸ்ட் நுனி பின்னால் வளைகிறது. அப்போது முன்பக்கம் இழுபடும், பின்பக்கம் அமுங்கும். இரு துண்டுகளும் சேரும் இடத்தில் வளைவின் சுமை அதிகம். இழுபடும் பக்கத்தில் ஒரு துளையும் இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்பும். அடுத்த மாஸ்டில் இரண்டு விஷயம் செய். ஒன்று, செருகும்போது ரிவெட் பூம் இருக்கும் பின்பக்கம் பார்க்கட்டும். இரண்டு, ஒன்றிரண்டு சீசன் ஓட்டிய அலுமினியத் துண்டைத் தலைகீழாக்கு. காலர் நுனியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள். காலர், அடி மூடி, தலை மூடி மூன்றையும் கழற்றி எதிர்முனைகளில் மாற்றிப் பொருத்து. பழைய துளை உச்சிக்குப் போய்விடும், அங்கே சுமை குறைவு.

செருகும் இடத்தில் லொடலொடவென்று ஆடினால் டேப் சுற்றி இறுக்கலாம். அதற்கு விதியில் இடம் உண்டு. கலப்பிழையால் (காம்போசிட்) செய்த மேல் மாஸ்டும் 2017 முதல் அனுமதிக்கப்பட்டது. அலுமினியத்தைப் போல அது வளைந்தபடியே நின்றுவிடாது. விலைதான் கண்ணைக் கட்டும்.

கேள்வி: 15:1 (இழுப்பைப் பதினைந்து மடங்காக்கும்) வாங் போட்டதிலிருந்து கூஸ்நெக் தளர்ந்துகொண்டே வருகிறது. கப்பியில் குறையா?

கப்பியில் குறை இல்லை. கயிற்றை 10 கிலோ விசையில் இழுத்தாலே, உராய்வு போக, பூமுக்கு 100 கிலோவுக்கு மேல் போய்ச் சேருகிறது. வாங் சாய்வாக இழுப்பதால் பூமைக் கீழே அழுத்துவதோடு மாஸ்டை நோக்கியும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்குவது கூஸ்நெக். பழைய அலுமினிய ரிவெட்டுகள் அதில் இருந்தால் இன்றே மோனலுக்கு மாற்றுங்கள்.

பெரிய ஆபத்து வேறிடத்தில். பந்தயப் பாதையில் காற்று வரும் திசையில் இருக்கும் மிதவையைச் சுற்றிக் காற்றோடு திரும்பும் முன் வாங்கைத் தளர்த்த மறந்தால், பூம் முனை தண்ணீரில் இடிக்கும். முனையைத் தண்ணீர் பிடித்திருக்க, நடுவில் வாங் விடாமல் இழுக்க, பூம் வாங் பொருத்தியிலேயே முறியும்.

கேள்வி: அவுட்ஹாலுக்கு (பாயின் பின்மூலையைப் பூம் முனை நோக்கி இழுக்கும் கயிறு) எத்தனை மடங்கு இழுப்பு வேண்டும்?

4:1 தாராளம். பாயின் பின்மூலையில் ஒரு கப்பி (2:1), அந்தக் கயிற்றின் முன்முனையில் இன்னொரு கப்பி (மறுபடி 2:1). முதல் கயிறு 4 மிமீ டைனீமாவாக (எளிதில் நீளாத செயற்கை இழைக் கயிறு) இருக்கட்டும். சாதாரணக் கயிறு நீண்டுகொடுத்தால் இழுத்ததெல்லாம் வீண். விட்டவுடன் பாய் தளர்ந்து முன்னே வர ஒரு ரப்பர் கயிறும் கட்டுங்கள். பின்மூலையைப் பூமோடு சேர்க்கும் கட்டு இறுகிவிட்டால் இந்த ஏற்பாடு அத்தனையும் சிக்கும். அது பூம்மேல் தடையில்லாமல் வழுக்க வேண்டும்.

கேள்வி: கார்பன் பூம் செய்து போடலாமா?

குளத்தில் பொழுதுபோக்காக ஓட்ட என்றால் உங்கள் விருப்பம். போட்டிக்கு ஆகாது. விதியில் அனுமதி என்று எழுதாத மாற்றம் எதுவும் செல்லாது.

கேள்வி: மாஸ்ட் செருகும் குழியில் எதையாவது பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக. மணல் விழுந்தால் சுழலும் மாஸ்ட் அதை அரம்போல் ஆக்கிக் குழியின் அடியைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு முறையும் குழியையும் மாஸ்டின் அடியையும் கழுவித் துடைத்துச் செருகுங்கள். மாதம் ஒருமுறை குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 20 நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தண்ணீர் படகின் வயிற்றுக்குள் போகிறது. ஒட்டிச் சரிசெய்யும்வரை கடலுக்கு எடுக்காதீர்கள். கவிழ்ந்தால் மாஸ்ட் குழியிலிருந்து உருவிக்கொண்டு போகாமலிருக்கக் கட்டும் கயிறு கட்டாயம். கரையிலேயே அதைக் கட்டிவிடுங்கள்.