இரண்டு நிலை மாதிரி ராக்கெட்டின் பூஸ்டரைக் கிளைடராக மிதந்து இறங்க வைப்பது எப்படி?

கேள்வியில் இருப்பது: 18 மி.மீ. கரிமருந்து மோட்டார்களில் பறக்கும் இரண்டு நிலை ராக்கெட். எரிந்து முடிந்த கீழ் நிலை உருண்டு புரண்டு விழாமல், இறக்கை கொண்டு மிதந்து இறங்க வேண்டும். வடிவமைப்பை எங்கே தொடங்குவது, சோதனைப் பறப்பை எந்த வரிசையில் செய்வது?

பலரும் மேல் நிலை பற்ற வைப்பதைத்தான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறார்கள். அது எளிது. பூஸ்டர், அதாவது கீழ் நிலை, பிரியும் அந்த நொடியில் அதன் வேகம்தான் உண்மையான சிக்கல். அதை முதலில் கணக்குப் போட்டுவிட்டால் மற்றவை எல்லாம் தச்சு வேலைதான்.

ஒரு மாதிரி அளவை எடுத்துக்கொள்வோம். (மோட்டார் பெயரில் எழுத்து மொத்த உந்துதலையும், முதல் எண் சராசரி விசையையும், கடைசி எண் எரிந்தபின் வரும் தாமத நொடிகளையும் குறிக்கும்.) மேல் நிலை மோட்டார் இல்லாமல் 15 கிராம், அதில் ஏ8-5 மோட்டார் 16 கிராம். பூஸ்டர் கிளைடர் வெறுமையாக 15 கிராம், அதில் பி6-0 மோட்டார் சுமார் 16 கிராம். மொத்தம் 62 கிராம். இந்த எடையை பி6-0 ஒரு நொடிக்கும் குறைவான நேரமே தள்ளும். அதற்குள் வேகம் நொடிக்கு 50 மீட்டரைத் தாண்டிவிடும். எரிந்த மோட்டார் கூட்டோடு சேர்த்து பூஸ்டர் 25 கிராம், இறக்கைப் பரப்பு 180 சதுர செ.மீ. என்றால் அதன் இயல்பான மிதவை வேகம் நொடிக்கு 7.5 மீட்டர் அளவில்தான் இருக்கும். தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி உயரும். 50-ஐ 7.5 ஆல் வகுத்து இருமடியாக்கினால் 44. அதாவது, மிதப்பதற்கான எலவான் (இறக்கையின் பின்விளிம்பில் கீலில் அசையும் பட்டை) கோணம் பிரிந்த உடனே முழுதாக வந்துவிட்டால், 25 கிராம் கிளைடரின் இறக்கைகள் ஒரு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். 2.4 மி.மீ. பால்சா (இலேசான மரப்பலகை) அந்த இடத்தில் மடியும். சி6-0 போட்டால் வேகம் 80-ஐத் தாண்டும், சுமை நூறு மடங்குக்கு மேல் போகும். 'கொஞ்சம் உயரமாகப் போகட்டுமே' என்று பெரிய மோட்டாருக்குத் தாவாதீர்கள்.

இறக்கை வடிவத்துக்கு வருவோம். இரண்டு மோட்டார்களையும் ஒட்டவைத்து நேராக இணைக்கும் முறையில் பூஸ்டர் குழாய் 90 மி.மீ. நீளம் போதும். மேல் மோட்டாரின் அடி 8 மி.மீ. அளவு இதற்குள் நுழையும், அதன் கீழே 70 மி.மீ. பூஸ்டர் மோட்டார். குழாயின் பின்முனை மோட்டாரைத் தாண்டி 12 மி.மீ. நீளும். இதற்கு மேல் நீட்ட வேண்டாம். நாசில் (மோட்டாரின் புகைவாய்) குழாய்க்குள் ஒரு குழாய் விட்டத்துக்கு மேல் உள்வாங்கினால் உந்துவிசை கணிசமாகக் குறையும். குருஷ்னிக் விளைவு என்று பெயர்.

இறக்கை ஒவ்வொன்றும் 150 மி.மீ. நீளம், வேரில் 70, நுனியில் 50 மி.மீ. அகலம். முன்விளிம்பு நுனியில் 75 மி.மீ. பின்தள்ளி இருக்க வேண்டும். இந்தப் பின்சாய்வு அழகுக்காக அல்ல. எரிந்த கூடு மட்டும் 10 கிராம் இருக்கும், அதுவே கிளைடரின் மூக்குப் பாரம். இறக்கையின் தூக்குவிசை மையம் அதற்குப் பின்னால் போக வேண்டும். இந்த அளவுகளில் வேரின் முன்விளிம்பைக் குழாயின் முன்முனையிலிருந்து 17 மி.மீ. பின்னால் ஒட்டினால், நடுநிலைப் புள்ளி (ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால் இருந்தால்தான் மிதவை நிலையாக இருக்கும்) முன்முனையிலிருந்து 68 மி.மீ.யிலும், கூட்டோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் 63 மி.மீ.யிலும் வரும். ஐந்து மி.மீ. இடைவெளி, சராசரி அகலத்தில் எட்டு விழுக்காடு. பால்சாவின் அடர்த்தி துண்டுக்குத் துண்டு மாறும். ஆகவே ஒட்டி முடித்தபின் விரல் நுனியில் வைத்து அளந்து, களிமண்ணால் சரிசெய்துகொள்ளுங்கள். காலிக் கூட்டை மாட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். கூடு இல்லாமல் சமன் பார்த்த கிளைடர் எதற்கும் உதவாது.

கூடு நழுவக் கூடாது என்பதும் இதனால்தான். மேல் மோட்டார் பற்றும்போது வரும் அழுத்தம் கூட்டைப் பின்னோக்கித் தள்ளும். உராய்வை நம்பாமல் பின்பக்கம் எஃகுக் கொக்கி வையுங்கள். கூடு கழன்று போனால் மூக்குப் பாரமும் போய், கிளைடர் வால் சொருகிப் புரண்டுகொண்டே இறங்கும்.

இறக்கைகள் குழாயின் நடுக்கோட்டிலேயே ஒட்டப்பட வேண்டும்; மேலோ கீழோ தள்ளினால் ராக்கெட் ஏறும்போதே பாதை வளையும். நுனியில் 1.6 மி.மீ. பால்சாவில் செங்குத்துத் துடுப்புகள், பாதி மேலே பாதி கீழே. தரையிறங்கும்போது கீழ்ப் பாதி உடையத்தான் செய்யும், பரவாயில்லை. எல்லாவற்றையும் மேலே வைத்தால் காற்றுத்தடை ஒரு பக்கமாகி ராக்கெட்டைச் சாய்க்கும். மேல்கீழ்த் தளத்தில் பெரிய இறக்கை இருப்பதால் நிலைத்தன்மை தாராளம். பக்கவாட்டுத் தளத்தில் இந்தச் சிறு துடுப்புகள் மட்டுமே. இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அழுத்த மையத்தை (காற்றுவிசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியை) கணக்கிடும் பாரோமேன் சமன்பாடுகள் மூன்று, நான்கு சமச்சீர்த் துடுப்புகளுக்கானவை. ஓப்பன்ராக்கெட் மென்பொருளில் காற்றுத் திசையைச் சுழற்றி, மிக மோசமான திசையிலும் ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்கிறதா என்று சோதிக்கலாம். முழு அடுக்குக்கும் மேல் நிலைக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும்.

இனி எலவான். ஏறும்போது தட்டையாக இருக்க வேண்டும், பிரிந்தபின் சற்று மேலே திரும்ப வேண்டும். 1 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்று பூஸ்டரின் முதுகில் சிறு குழலுக்குள் வழுக்கி ஓடட்டும். மேல் நிலையின் அடிவிளிம்பு அதைப் பின்னோக்கி அழுத்திப் பிடிக்கும். கம்பியின் பின்முனை, எலவானின் மேற்புறத்தில் 6 மி.மீ. உயரமாக நிற்கும் கொம்பைத் தள்ளி எலவானைத் தட்டையாக வைத்திருக்கும். அதே கொம்பை ஒரு எலாஸ்டிக் நூல் முன்னோக்கி இழுக்கும். மேல் நிலை போனதும் கம்பி முன்னே நகர, எலவான் எழும்பும். எலவான் அகலம் 16 மி.மீ. என்றால் பின்விளிம்பு 1.4 மி.மீ. உயர்வது 5 பாகை. அங்கே நிற்கும்படி ஒரு தடை வையுங்கள்.

முன்னே சொன்ன 44 மடங்குச் சுமைக்கு விடை இந்த எலாஸ்டிக்கில்தான் இருக்கிறது. இறுக்கமாகக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. 50 மீட்டர் வேகத்தில் 5 பாகை எலவானைக் காற்று திருப்பி அமுக்கும் விசை கொம்பில் ஏறக்குறைய 35 கிராம். மிதவை வேகத்தில் ஒரு கிராம்கூட இல்லை. எலாஸ்டிக்கின் இழுவை 8 முதல் 10 கிராம் என்று வைத்தால், வேகம் 25-க்குக் கீழே வரும்வரை காற்றே எலவானை முழுதாக எழவிடாது. தனியாகத் தாமதக் கருவி எதுவும் வேண்டாம். அளப்பதும் சுலபம்: 10 கிராம் களிமண் உருண்டையை நூலில் கட்டி, கொம்பைப் பின்னோக்கி இழுக்கும்படி தொங்கவிடுங்கள். எலவான் தட்டையாகி, உருண்டையை லேசாகத் தூக்கியதும் எழும்பினால் சரி. ஆனால் கம்பி குழலுக்குள் துளியும் சிக்கக் கூடாது. புகைக்கரி படிந்தால் சிக்கும், ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் துடையுங்கள். கீல் முழு நீளத்துக்கும் டேப்பாக இருக்கட்டும். ஆட்டம் உள்ள கீலும் தளர்ந்த எலாஸ்டிக்கும் சேர்ந்தால் எலவான் படபடத்துக் கிழியும்.

நிலைகளை இணைக்கும்போது இரண்டு மோட்டார்களையும் முகத்தோடு முகம் ஒட்டி, செல்லோ டேப் ஒரே ஒரு சுற்று. 0 என்று முடியும் மோட்டாரில் தாமதக் கலவையும் இல்லை, வெளித்தள்ளும் மருந்தும் இல்லை. எரிமருந்து மேல்வரை எரிந்து உடையும்போது சிதறும் தீத்துணுக்குகள் மேல் மோட்டாரின் நாசிலுக்குள் பாய்ந்து பற்ற வைக்கும். டேப் இல்லாவிட்டால் பற்றுவதற்குள் இரண்டும் விலகிவிடும். மூன்று நான்கு சுற்று போட்டால் பிரிய மறுக்கும். மேல் நாசிலில் எதையும் திணிக்காதீர்கள். பூஸ்டரின் முன்வாய் உட்புறத்தில் சூப்பர் குளூ ஊறவிட்டு அலுமினியத் தாள் ஒட்டினால் சில பறப்புகள் தாங்கும்.

சோதனை வரிசை. முதலில் மேல் நிலையை மட்டும் ஏ8-3 மோட்டாரில் தனியாகப் பறக்கவிடுங்கள். பிறகு காலிக் கூட்டோடு கிளைடரைப் புல்வெளியில், காற்றில்லாத நேரத்தில், மூக்கைச் சற்றே தாழ்த்திக் கையால் எறியுங்கள். எழும்பித் தயங்கி விழுந்தால் எலவான் அதிகம். நேரே குத்தினால் குறைவு. ஒரு பக்க எலவானை அரை மி.மீ. கூட்டினால் வட்டமடிக்கும். ஏறும்போது இரண்டும் தட்டையாக இருப்பதால் இது ஏற்றத்தைக் கெடுக்காது. முறுக்கிய இறக்கையால் வட்டமடிக்க வைத்தால் கெடுக்கும்.

மூன்றாவது சோதனையைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போகிறார்கள். மேல் நிலையின் அதே எடை, அதே ஈர்ப்பு மையம் கொண்ட ஒரு போலி நிலையைச் செய்து, அதன் அடியில் தீப்பற்றாத தாளும் நீள் ரிப்பனும் வைத்து, பூஸ்டரில் பி6-4 போடுங்கள். உச்சிக்கு அருகே வேகம் தணிந்தபின் வெளித்தள்ளும் மருந்து போலியைக் கழற்றிவிடும். ஏற்றம் நேராக இருக்கிறதா, எலவான் எழுகிறதா, மிதவை சரியா என்று மூன்றும் ஆபத்தின்றித் தெரிந்துவிடும். இதில் தேறிய பிறகே பி6-0 உடன் ஏ8-5.

ஏவுகம்பி 1.2 மீட்டர் இருக்கட்டும், அதை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 13 மீட்டருக்குக் குறையாத வேகம் வேண்டும். பாதுகாப்பு விதிகள் மணிக்கு 32 கி.மீ. காற்றுவரை அனுமதித்தாலும் இந்த ராக்கெட்டுக்கு 10 கி.மீ. தான் என் வரம்பு. பெரிய இறக்கை காற்றை நோக்கித் திரும்பும். சாய்ந்த நேரத்தில் மேல் நிலை பற்றினால் அது கிடைமட்டமாகப் பாயும். மின்சாரத்தில் மட்டுமே பற்ற வையுங்கள், குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில்லுங்கள், பற்றாவிட்டால் இணைப்பைத் துண்டித்து 60 நொடி கழித்தே கிட்டே போங்கள். ஒருவர் மேல் நிலையையும் இன்னொருவர் பூஸ்டரையும் பார்க்க வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் தொடர்ந்தால் இரண்டுமே தொலையும்.